உறைக்காரி

வலி எலும்புவரை போய்விட்டது. தோலில் இருந்தபோது அது எரிச்சல். சதைக்குள் இறங்கியபோது குத்தல். இப்போது அதற்குப் பெயர் இல்லை. இடது கால் பெருவிரலுக்கு அடியில் விழுந்த வெடிப்பு ஒரு மாதத்தில் உள்ளங்கையில் பாதி அகலத்துக்குப் புண்ணாகி, அதன் வழியே உப்புத்தண்ணீர் போவதும் வருவதுமாக இருந்தது. தங்கபுஷ்பம் உப்பு இழுக்கும் வாருபலகையை ஊன்றிக்கொண்டு உப்பளத்துப் பாத்திக்குள் ஒற்றைக்காலில் நின்றாள்.

பக்கத்துப் பாத்தியில் உப்பு இழுத்துக்கொண்டிருந்த சண்முகக்கனி நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏளா புஷ்பம், கொக்கு மாதிரி தவம் பண்ணுதியா? கங்காணி பாத்தா அரைச் சம்பளம்தான். காலைக் கீழ போடு."

"போட்டா உயிரு போவுது."

"எறால் பவுடரைப் போடுன்னு எத்தன மட்டம் சொல்லியாச்சு. எங்காலைப் பாரு. மூணே நாளு, காஞ்சு கருவாடாப் போச்சுல்லா."

அளத்துக்குத் தெற்கே இறால் பண்ணைகள். இறாலுக்குச் சீக்கு வராமல் இருக்கக் குளத்தில் கொட்டும் மஞ்சள் பவுடர் அங்கே மூட்டை மூட்டையாகக் கிடக்கும். மனிதர்களுக்கான கிருமிக்கொல்லி மருந்துகளை அரசாங்கம் பூட்டி வைத்து வருஷங்கள் ஆகிவிட்டன. எதற்கெடுத்தாலும் தின்று தின்று, கிருமிகளிடம் மருந்துகள் தோற்றுப்போனதால் வந்த சட்டம் அது. இறாலுக்கு அந்தச் சட்டம் இல்லை. ஆகவே உப்பளத்து ஆட்கள் தொழிலுக்குப் பூட்ஸ் கேட்டபோது முதலாளி ஆளுக்கு ஒரு பொட்டலம் இறால் பவுடர் கொடுத்தார். புண்ணில் தூவிக்கொண்டு பாத்திக்குள் இறங்க வேண்டியது. பத்து வருஷமாக அந்த ஊர்க் கால்கள் அப்படித்தான் நடந்தன.

"எனக்கு ஆவாதுளா," என்றாள் புஷ்பம். "உறைக்கு ஆவாது."

"ஆமா. ஒம் பீக்கு வண்டி வருது. எனக்கு ஆஸ்பத்திரி போவ வண்டி இல்ல. எல்லாத்துக்கும் தலையெழுத்து வேணும்டி."

புஷ்பம் வலியோடு சிரித்தாள். காலைக் கீழே போட்டாள். வாரத் தொடங்கினாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கம்பெனி அளத்துக் குடியிருப்புக்கு வந்து இருநூற்றுச் சொச்சம் பேரிடம் மலம் கேட்டது. ஊர் முதலில் சிரித்தது, பிறகு சண்டைக்குப் போனது, ஆளுக்கு இரண்டு குடம் நல்ல தண்ணீர் என்றதும் டப்பாவை வாங்கிக்கொண்டு ஒதுங்கப் போனது. அங்கே நல்ல தண்ணீர் வாரத்துக்கு ஒரு லாரிதான்.

இருநூறு பேரில் புஷ்பம் ஒருத்தியை மட்டும் கம்பெனி பிடித்துக்கொண்டது. நாற்பத்தோரு வயதுவரை ஒரு மாத்திரை விழுங்காதவள். அவள் அம்மாவுக்கு மாத்திரை வாங்க வழியில்லை. கல்யாணத்துக்குப் பிறகு அவளுக்கு அவசியம் வரவில்லை. இறால் பவுடரின் நாற்றம் பிடிக்காமல் புண்ணுக்கு மஞ்சளை மட்டும் அரைத்துப் போட்டு வந்தவள். பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி ஊர் பேசி முடித்தே பதினைந்து வருஷம் இருக்கும்.

கம்பெனி நர்ஸ் டெய்சி உவரிப் பக்கத்துக்காரி. முதல் நாள் புஷ்பத்தின் வீட்டு வாசலில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்து அவள்தான் எல்லாவற்றையும் சொன்னாள். கூட சண்முகக்கனியும், புஷ்பத்தின் புருஷன் மாசானமுத்துவும் இருந்தார்கள். அவன் அளத்தில் தண்ணீர் இறைக்கும் மோட்டார் பார்க்கிறவன்.

"யக்கா, நம்ம குடலுக்குள்ள ஒரு ஊரே இருக்கு. கண்ணுக்குத் தெரியாத சீவனுங்க, கோடிக்கணக்குல. நாம திங்கிறதுல அதுவும் தின்னு, மிச்சத்தை நமக்குப் பக்குவம் பண்ணிக் குடுக்கு."

"வாடகை உண்டா?" என்றாள் சண்முகக்கனி.

"உண்டு. ஒடம்புக்குக் காவக்காரன் இருக்கான்லா, கெட்ட கிருமி வந்தா அடிச்சு வெரட்டுறவன்? அவன்ல பெரும்பாதிப் பேரு குடல் சுவத்துலதான் காவல் நிக்கான். பொறக்கையில அவனுக்கு ஒரு எழவும் தெரியாது. யாரு சொந்தக்காரன், யாரு கள்ளன்னு இந்த ஊருதான் அவனுக்குச் சொல்லிக்குடுக்கு. ஊரே இல்லன்னா அவன் என்ன செய்வான்?"

"தூங்குவான்," என்றான் மாசானமுத்து.

"இல்லண்ணே. கம்பை எடுத்துக்கிட்டு வீட்டுக்காரனையே அடிப்பான். குடலை அடிப்பான், மூட்டை அடிப்பான், மூளைவரைக்கும் போவான். பட்டணத்துல பிள்ளையளுக்கு இப்ப அதான் நடக்கு. மூணு தலைமுறையா மருந்தும் மாத்திரையும் பாக்கெட்டுச் சோறும் தின்னு, தாய்க்கே குடல்ல ஒண்ணும் இல்ல, பிள்ளைக்கு எங்க இருந்து வரும்? வெறுங்குடல்னு பேரு. தின்னது ஒட்டாது. ரத்தமாப் போவும். பத்து வயசு தாண்டுறது கஷ்டம்."

"அதுக்கு எம் பீ எதுக்கு?"

"பாலுக்கு உறை ஊத்துற மாதிரிதான்க்கா. நல்ல குடல்ல இருந்து எடுத்துக் கெட்ட குடல்ல ஊத்துறது. ஒங்க குடலு ஒரு பிள்ளைக்கு அப்படியே பொருந்துது. மாசம் ஒரு உறை, இருவத்துநாலு மாசம். இடையில ஒங்க வயித்துல ஒரு மருந்து போச்சுன்னா அம்புட்டும் போச்சு."

அன்றிலிருந்து அவளுக்கு உறைக்காரி என்று பெயர். சட்டங்கள் நிறைய இருந்தன. மாத்திரை கூடாது. ஊசி கூடாது. பிஸ்கட், கேக், கலர் சோடா எதுவும் கூடாது. மருந்தடித்த லாரித் தண்ணீர் கூடாது என்று கம்பெனியே வாரம் நான்கு கேன் ஊற்றுத்தண்ணீர் கொண்டுவந்து போட்டது. பழைய சோறு, கம்பங்கூழ், கருவாடு, முருங்கைக்கீரை. அதுவும் தனிச் சட்டியில். வேறு யார் கையும் அந்தச் சட்டிக்குள் போகக்கூடாது.

"கெட்டின பொண்டாட்டி சட்டியில கை வைக்கக்கூடாதுன்னு கம்பெனி சொல்லுது," என்று மாசானமுத்து மோட்டார் அறையில் சொல்லித் திரிந்தான். "நாளைக்குப் பாயையும் பிரிச்சுப் போடுவானுவ."

பதினைந்தாவது உறை போன பிறகு ஒரு நாள் காலை, குடியிருப்புக்குள் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. இறங்கியவர் பெயர் வேதகிரி. சென்னையில் கட்டட இன்ஜினியர். கூடவே ஒரு பெண் குழந்தை. கொடுப்பவர் யார், வாங்குபவர் யார் என்று ஒருவருக்கொருவர் தெரியக்கூடாது என்பது கம்பெனிச் சட்டம். அவர் டெய்சியைப் பிடித்து, கெஞ்சி, விலாசம் வாங்கி வந்திருந்தார்.

"நேயா. என் பொண்ணு," என்றார். "ஒன்பது வயசு. மூணு வருஷம் பைல இருந்து குழாய் வழியாதான் சாப்பாடு. இப்ப நடக்கறா. ஓடறா."

பிள்ளை புஷ்பத்தை மேலும் கீழும் பார்த்தது.

"உங்க வயித்துல இருந்ததா என் வயித்துல இருக்கு?"

"அப்படித்தான் சொல்லுதாவ."

"எனக்கு முன்னாடி எந்த வாசனையுமே பிடிக்காது. இப்போ கருவாடு வேணும்னு அழுதேன். எங்க வீட்ல யாரும் சாப்பிட மாட்டாங்க. அம்மா பயந்துட்டாங்க."

வாசலில் கூடியிருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். "ஏளா புஷ்பம், ஒன் நாக்கும் சேந்துல்லா போயிருக்கு," என்றாள் சண்முகக்கனி.

வேதகிரி ஒரு பெரிய கேக் பெட்டி கொண்டுவந்திருந்தார். புஷ்பத்துக்கு அதைத் தொட அனுமதி இல்லை. சண்முகக்கனியும் ஊரும் தின்று தீர்த்தார்கள். நேயா பெண்களுக்குள் புகுந்து, புஷ்பத்தின் தனிச் சட்டிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. அதற்கு ஒரு கிண்ணத்தில் பழைய சோற்று நீச்சத்தண்ணீரும், மாசானமுத்து சுட்ட சாளைக் கருவாடும் கொடுத்தார்கள். தகப்பன் தடுக்கக் கை நீட்டி, பிறகு நிறுத்திக்கொண்டார். பிள்ளை விரலைச் சூப்பிச் சூப்பித் தின்றது. புஷ்பம் அதன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்கப்புறம் எட்டு உறை. இருபத்துமூன்று முடிந்து கடைசி ஒன்று மீதியிருந்தபோதுதான் கால் இப்படி ஆனது.

கொக்காக நின்றதற்கு மறுநாள் காய்ச்சல் கண்டது. மாசானமுத்து அவளைச் சைக்கிளில் உட்காரவைத்து, ரோடுவரை தள்ளிக்கொண்டுபோய், பஸ்ஸில் ஏற்றித் தூத்துக்குடிக்குக் கூட்டிப்போனான். ஆஸ்பத்திரியில் இருந்த இளவயது டாக்டரம்மா புண்ணுக்குள் ஒரு கம்பியை விட்டாள். அது எலும்பில் தட்டியது.

"இன்னைக்கே சேருங்க. பூட்டி வச்சிருக்கற ஊசிக்கு நான் எழுதித் தர்றேன். பத்து நாள் போட்டா கால் நிக்கும்."

"பன்னெண்டு நாளு கழிச்சு வாரேன்," என்றாள் புஷ்பம். கடைசி உறை எடுக்க வண்டி வரும் நாள் அது.

"என்னம்மா இது, கல்யாணத்துக்கா போறீங்க? எலும்புல சீழ் வச்சிருக்கு."

"பன்னெண்டு நாளுதான டாக்டரம்மா."

வெளியே வந்ததும் மாசானமுத்து கத்தினான். ஆஸ்பத்திரி வாசல் என்றுகூடப் பார்க்கவில்லை. "யாரு பெத்த பிள்ளைக்கோ ஒங்காலை அழுக விடுதியா? கோட்டி பிடிச்சிருக்கா ஒனக்கு?"

"கடைசிப் பாத்தியை வாராம ஏறச் சொல்லுதியளா?"

அளத்தில் அது வழக்கம். மேகம் கறுத்தாலும், மயக்கம் வந்தாலும், கையில் எடுத்த பாத்தியை வாரி முடித்துத்தான் வரப்பில் ஏற வேண்டும். அரைகுறையாக விட்ட உப்பு ஒரு மழையில் கரைந்துபோகும். அதற்குப் பட்ட பாடு முழுவதும் போகும். கர்ப்பத்தோடு இறங்கிய பெண்கள்கூடப் பாத்தியை முடித்துவிட்டுத்தான் ஏறிப்போய்ப் பெற்றிருக்கிறார்கள். இருபத்துநான்கு என்று ஒப்புக்கொண்டவள் இருபத்துமூன்றில் ஏறுவது அவளுக்குத் தெரியாத வேலை.

டெய்சி வந்தபோது அவளிடமே நேராகக் கேட்டாள்.

"இருவத்துமூணோட நிப்பாட்டினா பிள்ளைக்கு என்ன ஆவும்?"

டெய்சி தரையைப் பார்த்தாள். "கம்பெனி டாக்டரைக் கேட்டேன்க்கா. 'அவங்க முடிவு, நாம எதுவும் சொல்லக்கூடாது'ன்னு சொல்லிட்டார். நான் சொல்லுதேன், நீங்க போயி ஊசியைப் போடுங்க. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிராதிய."

"பிள்ளைக்கு என்ன ஆவும்னு கேட்டேன்."

"எனக்குத் தெரியாதுக்கா. எங்களுக்கு அதெல்லாம் சொல்லமாட்டாவ."

தெரியாது என்றால் சாகும் என்றுதான் புஷ்பம் எடுத்துக்கொண்டாள். சாவைப் பற்றி விவரம் தெரிந்தவர்கள் ஏழைகளிடம் பேசும் விதம் அதுதான் என்பது அவள் அனுபவம்.

மூன்றாம் நாள் கணுக்கால் வீங்கியது. சண்முகக்கனி ஒரு காகிதப் பொட்டலத்தோடு வந்து உட்கார்ந்தாள்.

"ஒங் கம்பெனிக் காகிதத்துல என்ன எழுதியிருக்கு? மருந்து திங்கக்கூடாதுன்னுதான? இதை யாரு திங்கச் சொன்னா? கால்ல போடு. காலு வேற, வயிறு வேற."

புஷ்பம் யோசித்தாள். தின்னாமல் இருந்தால் சரிதானே. மாசானமுத்துவுக்கும் அது நியாயமாகப் பட்டது. டெய்சியிடம் கேட்டிருக்கலாம். பவுடரைத் தூவிய ஒரு மணி நேரத்தில் குத்தல் கொஞ்சம் மட்டுப்பட்டதும் கேட்கவேண்டும் என்ற நினைப்பே போய்விட்டது.

ஒன்பது நாள், காலையும் மாலையும் தூவினாள். குட்டிக்குரா பவுடர் மாதிரி மெல்லிய தூள். நக இடுக்கில் ஒட்டும், ரேகையில் ஒட்டும். தூவிய கையை வாசலில் வைத்திருந்த உப்புத்தண்ணீர் வாளியில் முக்கி எடுத்துச் சேலையில் துடைத்துக்கொள்வாள். நல்ல தண்ணீரில் கை கழுவுகிற பழக்கம் அந்த ஊரில் ஒருவருக்கும் கிடையாது. அது குடிக்க மட்டும். அதே கையைத் தனிச் சட்டிக்குள் விட்டுப் பழைய சோற்றைப் பிசைந்து, கரைத்துக் குடித்தாள். வேறு யார் கையும் படாத சட்டி. அவள் கை மட்டும்தான் பட்டது.

பன்னிரண்டாம் நாள் விடிந்ததும் கம்பெனி வண்டி வந்தது. அவள் தவழ்ந்து போய், அவர்கள் கொண்டுவந்த வெள்ளை வாளியில் வெளிக்கிருந்துவிட்டு வந்தாள். டெய்சி மூடி போட்டு முத்திரை ஒட்டினாள். மாசானமுத்து அதே வண்டியின் பின்பக்கம் அவளையும் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். அன்று மாலையே கணுக்காலுக்கு மேலே வெட்டினார்கள்.

டாக்டரம்மா கோபப்படவில்லை. "பன்னெண்டு நாள் முன்னாடின்னா ஒரு விரல் போயிருக்கும்," என்று மட்டும் சொன்னாள்.

நான்காவது நாள் டெய்சி வண்டி இல்லாமல் பஸ்ஸில் வந்தாள். சீருடை இல்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்து, கொண்டுவந்த இரண்டு ஆரஞ்சுப் பழத்தை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"போய்ச் சேந்துச்சா?" என்றாள் புஷ்பம்.

"இல்லக்கா. எரிச்சிட்டாவ."

"என்னட்டி சொல்லுத?"

"அதுல மருந்துக்கு அடங்காத கிருமி முளைச்சுக் கெடந்துது. எறால் பவுடர் போட்டியளாக்கா?"

"கால்லதான போட்டேன். திங்கவே இல்ல."

"கையி?"

புஷ்பம் தன் வலது கையைத் தூக்கிப் பார்த்தாள். மாசானமுத்துவும் பார்த்தான்.

"பவுடர் நெறைய போச்சுன்னா எல்லாக் கிருமியும் சாவும்," என்று டெய்சி மெதுவாகச் சொன்னாள். "துளித்துளியாப் போச்சுன்னா நல்லது மட்டும் சாவும். அதுக்குப் பழகின கெட்டது மேல வந்து ஊரைப் பிடிச்சுக்கிடும். ஒம்பது நாளு போதும்க்கா. கறைபட்ட ஆளுன்னு எழுதிட்டாவ. குளிர்ப்பெட்டியில இருந்த ஒங்க பழைய உறை அம்புட்டையும் சேத்து எரிச்சாச்சு. சட்டம் அப்படி."

"அப்ப பிள்ளை?"

"பிள்ளைக்கு ஒண்ணுமில்ல. நல்லா இருக்கு. இருவதாவது உறையிலயே பிடிச்சிட்டுதாம். மிச்சம் நாலும் ஒரு பத்திரத்துக்குத்தான் வச்சிருந்திருக்காவ. எனக்கே நேத்துத்தான் தெரியும்."

புஷ்பம் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள். பிறகு, "அதை மொதல்லயே சொன்னா என்ன கொள்ளை?" என்றாள்.

"சொன்னா நீங்க நின்னுருவியன்னு பயந்திருக்காவ."

"நின்னுதான் இருப்பேன்," என்றாள் புஷ்பம். "கால் இருந்திருக்கும்லா. நின்னிருப்பேன்."

காலை வெட்டியும் சீழ் மேலே ஏறிக்கொண்டிருந்ததால் இருபத்தொரு நாள் ஊசி போட்டார்கள். ரத்தத்தில் ஏறிய விஷம் இறங்கியது. குடலில் மீதியிருந்ததும் செத்துப்போனது. வீட்டுக்கு வந்த ஐந்தாம் நாள் வயிறு போகத் தொடங்கியது. பத்து முறை, பதினைந்து முறை, பிறகு எண்ணுவதை விட்டுவிட்டார்கள். கஞ்சி கஞ்சியாகவே போனது. பிறகு ரத்தம். விரல் மூட்டுகள் வீங்கி, டம்ளரைப் பிடிக்க இரண்டு கையும் தேவைப்பட்டது. ஐம்பத்திரண்டு கிலோ இருந்தவள் இரண்டு மாதத்தில் முப்பத்தாறு கிலோ ஆனாள். ஒரு காலும் போனதால் மாசானமுத்து அவளைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கினான்.

"வெறுங்குடல்," என்றாள் டாக்டரம்மா. "உங்க பக்கத்துல இதை நான் பார்த்ததே இல்ல. உறை ஊத்தினாதான் நிக்கும். அரசாங்கப் பட்டியல்ல பேர் எழுதிட்டேன். உங்க எண் நாலாயிரத்து நூத்திப் பன்னிரண்டு."

"அதுக்கு எம்புட்டு நாளு ஆவும்?" என்றான் மாசானமுத்து.

"ஒன்றரை வருஷம். முன்னப்பின்ன ஆகலாம்."

"அதுவரைக்கும் தாங்குமா?"

டாக்டரம்மா அடுத்த நோயாளியின் காகிதத்தை எடுத்தாள்.

மாசானமுத்து டெய்சியைத் தேடிப்போனான். விலாசம் கொடுத்த விஷயம் வெளியே தெரிந்து கம்பெனி அவளை ஏற்கெனவே நிறுத்திவிட்டிருந்தது. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சோதனைச் சாலை வேலை பார்த்தாள்.

"நீயே ஊத்திர முடியாதா? ஒனக்குத் தெரியும்லா?"

"ஊத்துதேன்ணே. பிடிச்சு உள்ள போட்டாலும் பரவால்ல, ஊத்துதேன். எதை ஊத்த?"

"என்னுதை எடு."

அவனுடையதைச் சோதித்தாள். சண்முகக்கனியுடையது, இன்னும் முப்பது பேருடையது. பணம் வாங்காமல், வேலை முடிந்த பிறகு, ஒளித்து வைத்துச் சோதித்தாள். பத்து வருஷத்து இறால் பவுடர் எல்லோர் குடலிலும் இருந்தது. ஊர் முழுக்க ஒரே கெட்ட கிருமி குடியிருந்தது. பலசாலிகளாக இருந்ததால் அவர்களை அது ஒன்றும் செய்யவில்லை. புஷ்பத்துக்கு ஊற்றினால் ஒரு வாரத்தில் அவள் கதை முடிந்துவிடும்.

"அண்ணே, ஒரே வழி இருக்கு," என்றாள் டெய்சி. "அக்கா குடல்ல இருந்த ஊரு இப்ப ஒலகத்துலயே ஒரு எடத்துலதான் உசிரோட இருக்கு. நேயா வயித்துல. அது வேற யாரோடதும் இல்ல, அக்காவோடது. அக்கா ஒடம்பு அடிக்காம ஏத்துக்கிடும். ஒரு தடவை போதும்."

"ஒரு தடவைன்னா?"

"பிள்ளை ஒரு நாளு காலையில வெளிக்கிப் போவும்லா. அம்புட்டுதான்."

மாசானமுத்து சிரித்துவிட்டான். இரண்டு மாதத்தில் முதல் சிரிப்பு. இவ்வளவுதானா. பட்டணத்தில் தண்ணீர் ஊற்றி விடுகிற சாமான். காலைக் கேட்கவில்லை, கண்ணைக் கேட்கவில்லை.

அங்கேயே நின்று போன் போட்டான். டெய்சி நம்பர் கொடுத்தாள். எடுத்தது நேயாவே. உப்பளத்தில் இருந்து பேசுவதாகச் சொன்னான்.

"யாரு? கருவாட்டு மாமாவா! ஆன்ட்டி எப்படி இருக்காங்க?"

அவன் நடந்ததைச் சொன்னான். பிள்ளையிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாததால் எல்லாவற்றையும் அப்படியே சொன்னான். கால் போனது, வயிறு போனது, டெய்சி சொன்னது.

"அவ்ளோதானா மாமா? நான் தரேன்," என்றது நேயா. பிறகு குரல் தாழ்ந்தது. "ஆனா எங்க வீட்டுக்குத் தினம் வண்டி வருதே. எடை போட்டு எடுத்துட்டுப் போவாங்க. நான் வேணா ஸ்கூல்ல போயிட்டு ஒரு டப்பாவுல…"

போன் கை மாறியது.

"நான் வேதகிரி பேசறேன்." பிள்ளையை விலகி நிற்கச் சொன்னார். "மன்னிச்சிடுங்க. விஷயம் தெரியும். தெரிஞ்சதுல இருந்து எனக்குத் தூக்கம் இல்ல."

"அய்யா, அந்த வண்டி எதுக்கு வருது?"

"இருபத்துநாலு உறைக்கு என்கிட்ட வசதி இருந்திருந்தா நான் கையெழுத்தே போட்டிருக்க மாட்டேன். வீட்டை வித்தும் பாதிதான் தேறிச்சு. மீதிக்கு அவங்க ஒரு வழி சொன்னாங்க. அவ குடல்ல வளர்றது எல்லாம் அவங்களுக்குச் சொந்தம்னு எழுதிக் கொடுத்திருக்கேன். பதினெட்டு வயசு வரைக்கும். இப்ப அவளோட உறை பதினோரு பிள்ளைங்களுக்குப் போகுது. 'நேயா வகை'ன்னு பேர் வச்சிருக்காங்க."

"அது எம் பொண்டாட்டியோடதுல்லா அய்யா?"

"ஆமா."

"ஒரு நாளு. ஒரே ஒரு நாளு. பிள்ளைக்கு வயிறு சரியில்ல, இன்னைக்குப் போவலன்னு வண்டிக்காரன்கிட்டச் சொல்லுங்க. நான் ராப்பயணமா வந்து வாசல்ல நிக்கேன்."

"ஒரு கிராம் வெளிய போனாலும் அவளுக்குக் கண்காணிப்பை நிறுத்திடுவாங்க. அவ திரும்ப விழுந்தா என்ன பண்றது? நீங்க சொல்லுங்க. என் எடத்துல நீங்க இருந்தா என்ன செய்வீங்க?"

மாசானமுத்து மோட்டார் பார்க்கிறவன். கேட்ட கேள்விக்கு யோசித்துத்தான் பதில் சொல்வான். யோசித்தான்.

"குடுத்திருப்பேன்," என்றான்.

பின்னால் பிள்ளை அப்பாவோடு சண்டை போடுவது கேட்டது. "நான் தரேன்ப்பா, என்னோடது தானே" என்று அது அழுதது. பிறகு லைன் போய்விட்டது. மறுபடி போட்டபோது எடுக்கவில்லை. அடுத்த வாரம் அந்த நம்பரே இல்லை என்றது. மாசானமுத்து கம்பெனிக்குத் தபால் எழுதினான். கறைபட்டவர்கள் பட்டியலில் இருப்பவருக்குக் கம்பெனி உறை தருவதில்லை என்று நான்கு வரியில் பதில் வந்தது. சென்னைக்கே போய்ப் பார்த்தான். டெய்சி கொடுத்த விலாசத்தில் வேறு ஆட்கள் குடியிருந்தார்கள்.

திரும்பி வந்து புஷ்பத்தின் பக்கத்தில் உட்கார்ந்தபோது அவள் கண்ணைத் திறக்காமல் கேட்டாள்.

"தந்தாவளா?"

"இல்ல."

"பிள்ளை தரமாட்டேன்னா சொல்லிச்சு?"

"பிள்ளை தாரேன்னுதான் சொல்லிச்சு."

"அது சொல்லும்," என்றாள். உடனே முகம் கோணியது. "சவம், பதினோரு பிள்ளையாமே. யாரு யாருக்கோ. எனக்கு ஒரு வாளி இல்லியா? நான் என்ன அவனுவ சோத்துலயா மண்ணள்ளிப் போட்டேன்?"

மாசானமுத்து அவளைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனான். அன்றைக்கு அது எட்டாவது தடவை. அவளுடைய எடை இருபத்தொன்பது கிலோ. அரசாங்கப் பட்டியலில் அவளுக்கு முன்னால் இன்னும் மூவாயிரத்து அறுநூறு பேர் இருக்கிறார்கள்.

சென்னையில் எங்கோ ஒரு வீட்டு வாசலுக்குத் தினமும் காலை வண்டி வந்து போகிறது. அந்த வீடும் அந்தக் கம்பெனியும் அளத்துத் தங்கபுஷ்பத்துக்கு ஒரு உறை தர வேண்டும். ஒரு நாள் காலை மலம். இதுவரை தரவில்லை.